‘எப்படித் தெரியும்?’ என்று மேலாளர் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: ஆன்லைன் விற்பனை நிறுவனம் ஒன்றின் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 34. ‘பொருள் மாறி வந்துவிட்டது’ என்ற புகார் மாதத்துக்கு 25 அளவில் வந்துகொண்டிருந்தது. சென்ற மாதம் 40 ஆகிவிட்டது. அந்த 40-ல் 26 புதிதாகச் சேர்ந்தவர்கள் பேக் செய்தவை. ‘புது ஆட்களுக்குப் பயிற்சி போதவில்லை’ என்று அறிக்கை கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டு, ‘இதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆண்டு மதிப்பீட்டிலும் ‘கிரிட்டிக்கல் திங்கிங் (ஆராய்ந்து சிந்திக்கும் திறன்) வளர்த்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து தினமும் சுடோகு போடுகிறேன், செஸ் கற்றுக்கொள்கிறேன். பலன் ஒன்றும் தெரியவில்லை. மீட்டிங்கில் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டிவிட்டு வருகிறேன். சொல்ல வேண்டியது என் இருக்கைக்குத் திரும்பிய பிறகுதான் தோன்றுகிறது. வீட்டிலோ, மாமனார் ஃபார்வர்ட் செய்யும் செய்திகளைப் பற்றிக் கேள்வி கேட்டால், ‘குதர்க்கம் பேசாதே’ என்கிறார் கணவர். இந்த வயதில் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சுடோகு பிடித்திருந்தால் போடுங்கள், தப்பில்லை. ஆனால் அதில் வளர்வது சுடோகு போடும் திறமைதான். மூளைப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது இது: எதைப் பழகுகிறோமோ அதிலும் அதற்கு நெருங்கியவற்றிலும் முன்னேற்றம் வருகிறது, தொலைவில் இருக்கும் வேறு வேலைக்கு அது தாவிப் போவது அரிது. செஸ் பலகையில் எல்லாக் காய்களும் கண்ணெதிரே இருக்கின்றன. உங்கள் கிடங்கு விவகாரத்தில் பாதிக் காய்கள் பலகையிலேயே இல்லை. அவற்றைத் தேடிப் பிடிக்கும் பழக்கம்தான் உங்களுக்கு வேண்டும். அதைக் கிடங்குக் கணக்கை வைத்தே பழகலாம். வேறு பாடப்புத்தகம் தேவையில்லை.

மேலாளரின் கேள்வியைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்பது ஒன்று. அதை நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள்; 40-ல் 26 என்ற ஆதாரத்தோடுதான் அறிக்கையே எழுதியிருக்கிறீர்கள். விட்டுப்போனது மற்றது: ‘நான் சொல்வது தப்பாக இருந்தால் அது எங்கே தெரியும்? அங்கே போய்ப் பார்த்தேனா?’

இந்த இரண்டாவது கேள்வி யாருக்கும் தானாக வருவதில்லை. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் வெளியிட்ட ஒரு சோதனையை வீட்டில் நான்கு பேரிடம் செய்து பாருங்கள். ‘2, 4, 6 என்ற மூன்று எண்கள் என் மனதில் இருக்கும் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்கள் வேறு மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள். பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். விதி தெரிந்துவிட்டது என்று உறுதியானதும் சொல்லுங்கள்.’ இவ்வளவுதான் ஆட்டம். பெரும்பாலோர் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24 என்பார்கள். அதுவும் பொருந்தும். ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று தைரியமாக அறிவிப்பார்கள். தப்பு. விதி ‘ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும்’ என்பதுதான். 1, 2, 3 என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் அவர்கள் நினைத்த விதி அங்கேயே உடைந்திருக்கும். ஆனால் தன் விதியை உடைக்கும் எண்ணைக் கேட்கப் பெரும்பாலோருக்குக் கை வருவதில்லை. ‘பொருந்துகிறது’ என்ற பதில் அவ்வளவு இனிப்பாக இருக்கிறது. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பிறகு சாதிக்கிறோமே, அதன் ஆரம்பம் இங்கேதான்.

இனி உங்கள் 40 புகாருக்கு வருவோம். கடிதத்தில் இருப்பவை மூன்று எண்கள்: 25, 40, 26. மற்றவற்றைப் பயிற்சிக்காக இங்கே இட்டு நிரப்புகிறேன். உங்கள் பதிவேட்டில் இருப்பதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனையில் 40? இதுதான் முதல் கேள்வி. முந்தைய மாதம் 6,250 ஆர்டர் போயிருந்து, சென்ற மாதம் 10,000 போயிருந்தால் இரண்டு மாதமும் விகிதம் ஒன்றுதான்: ஆயிரத்துக்கு 4. புகார் ‘கூடிவிட்டது’ என்ற செய்தியே அங்கே கரைந்துபோகிறது. கூடியது வியாபாரம். கூடவே இன்னொன்றும் பாருங்கள்: புகார் பதியும் முறை சமீபத்தில் எளிதாக்கப்பட்டதா? முன்பு போன் செய்து காத்திருக்க வேண்டியிருந்து, இப்போது ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும் என்றால், தவறு அதே அளவில் இருந்தும் எண்ணிக்கை ஏறும்.

அடுத்து அந்த 26. ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மேலே ‘புகார் வந்தது’, ‘வரவில்லை’. பக்கத்தில் ‘புது ஆட்கள்’, ‘பழைய ஆட்கள்’. உங்கள் அறிக்கையில் நிரம்பியிருப்பது புகார் வந்த இரண்டு கட்டம் மட்டும்: 26, 14. புகார் வராத இரண்டும் காலி. புது ஆட்களும் பழைய ஆட்களும் தலா 5,000 பேக் செய்திருந்தால் ஆயிரத்துக்கு 5.2-க்கு 2.8 என்று ஆகிறது. உங்கள் முடிவுக்கு அது வலு. புது ஆட்கள் 7,000, பழையவர்கள் 3,000 என்றிருந்தால் 3.7-க்கு 4.7, உங்கள் முடிவு தலைகீழ். 26 என்ற எண் இரண்டு இடத்திலும் அதே 26-தான்.

காலிக் கட்டங்களைப் பார்க்காமல் விட்டதன் விலை சில சமயம் மிகப் பெரியது. 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனது காரணம். முந்தின இரவு பொறியாளர்கள் குளிரைப் பற்றிக் கவலை தெரிவித்து நீண்ட நேரம் விவாதித்தும் இருக்கிறார்கள். வளையம் சேதமான பயணங்களை மட்டும் எடுத்து வைத்தால், குளிரிலும் சேதம், வெப்பத்திலும் சேதம். வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லாதது போலத்தான் தெரியும். விசாரணை ஆணையம் சேதமே இல்லாத பயணங்களையும் அதே வரைபடத்தில் சேர்த்தது. சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கிளம்பிய நான்கு பயணங்களில் நான்கிலும் சேதம். அதற்கு மேலே கிளம்பிய 20-ல் மூன்றில் மட்டும். சேலஞ்சர் கிளம்பிய காலை உறைநிலையை ஒட்டி இருந்தது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்ற வரிகளை யாரும் தேடி எடுப்பதில்லை. அவை இல்லாமல் ஒப்பிடவும் முடியாது.

உங்கள் கட்டத்துக்குத் திரும்புவோம். தலா 5,000 என்றே வைத்துக்கொள்வோம். 5.2-க்கு 2.8. புது ஆட்கள்தான் காரணம் என்று கையெழுத்துப் போடலாமா? இன்னும் ஒரு படி இருக்கிறது, பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். புது ஆட்களும் பழையவர்களும் வேறு எதில் வேறுபடுகிறார்கள்? புதிதாகச் சேருபவர்களை இரவு ஷிப்டில் போடுவது பல இடத்தில் வழக்கம். ஷிப்ட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்:

பகல்: புது ஆட்கள் 1,000 ஆர்டர், 2 புகார். பழையவர்கள் 4,000 ஆர்டர், 8 புகார்.
இரவு: புது ஆட்கள் 4,000 ஆர்டர், 24 புகார். பழையவர்கள் 1,000 ஆர்டர், 6 புகார்.

கூட்டிப் பாருங்கள், அதே 26-ம் 14-ம்தான் வரும். ஆனால் பகலில் இருவருக்கும் ஆயிரத்துக்கு 2. இரவில் இருவருக்கும் ஆயிரத்துக்கு 6. ஆள் புதிதா பழையதா என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. தவறு இரவில் இருக்கிறது. நீங்கள் கேட்ட பயிற்சியை நடத்தியிருந்தால் பணமும் நேரமும் போய், இரவில் லேபிள் சரியாகத் தெரியாதபடி மங்கலாக எரியும் ஒரு விளக்கோ, அல்லது வேறு எதுவோ, அப்படியே இருந்திருக்கும். ‘வேறு எதுவோ’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவு என்பதும் ஒரு பெயர்தான். அதற்குள் வெளிச்சம், அவசரம், ஆள் குறைவு, அந்த ஷிப்டில் ஓடும் பிரிண்டர் என்று எத்தனையோ அடங்கியிருக்கும். உங்களுக்குச் சாதகமான இடம் இது. இந்தப் பட்டியலைப் போட வெளியிலிருந்து வரும் எந்தப் புத்திசாலியாலும் முடியாது. அங்கே நின்று வேலை பார்த்தவருக்குத்தான் சந்தேகமே எழும். சிந்தனைத் திறன் என்று பொதுவாகச் சொல்வதில் பாதி, விஷயம் தெரிந்திருப்பதுதான்.

சின்ன எண்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எப்போதாவது, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் நடக்கும் சம்பவங்களை எண்ணும்போது, எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு. சராசரி 25 என்றால் வர்க்கமூலம் 5. எதுவுமே மாறாவிட்டாலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு மாதம் 20-லிருந்து 30-க்குள் விழும். 15, 35 என்று போவதும் எப்போதாவது நடக்கும். ஆகவே 25 அடுத்த மாதம் 29 ஆனதற்குக் காரணம் தேடிக் கூட்டம் போடுவது வீண் வேலை. 40 அப்படி இல்லை, அதைக் கவனிக்கத்தான் வேண்டும். அதே கணக்கில், பகலில் புது ஆட்களின் 2 புகார் என்பது அதிர்ஷ்டத்தில் 0 ஆகவும் இருந்திருக்கலாம், 4 ஆகவும் இருந்திருக்கலாம். அந்த ஒரு கட்டத்தை நம்பி முடிவுக்கு வராமல் மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். புது ஆட்களில் பாதிப் பேரைப் பகலுக்கும், அதே அளவு பழையவர்களை இரவுக்கும் ஒரு மாதம் மாற்றிப் போட முடியுமா என்று கேளுங்கள். ஆள் காரணமென்றால் புகார் ஆளோடு போகும். இரவு காரணமென்றால் புகார் இரவிலேயே தங்கும். மாற்றுவதற்கு முன்பே எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதித் தேதி போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் போதாது, எண்கள் மிகச் சிறியதாக இருக்கும். அந்த மாதத்தில் வேறு எதையும் மாற்றக் கூடாது. விளக்கையும் மாற்றி, பயிற்சியும் வைத்து, ஆளையும் மாற்றினால் புகார் குறையலாம், ஆனால் எதனால் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்றையும் காலம் முழுக்கச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

மோசமான ஒரு மாதத்தைப் பார்த்துவிட்டு எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் பலன் தந்ததுபோல் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாகவே இருக்கிறார்கள் என்று பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886-ல் கணக்கெடுத்துக் காட்டினார். எல்லைக்குப் போன எண் பெரும்பாலும் தானாகவே நடுப்பக்கம் திரும்பும். திட்டு வாங்கியவர் மறுநாள் நன்றாக வேலை செய்வதும், பாராட்டு வாங்கியவர் மறுநாள் சறுக்குவதும் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். திட்டினால்தான் வேலை நடக்கும் என்று நம்பும் மேலதிகாரிகள் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை ஆண்டுக்கணக்கில் அனுபவம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மீட்டிங்கில் வாய் அடைத்துப்போவதற்கு அறிவுக்குறைவு காரணமில்லை. முதலில் பேசுபவர் ஓர் எண்ணையோ காரணத்தையோ சொன்னதும் மற்றவர்கள் யோசனை அதைச் சுற்றியே ஓடத் தொடங்கிவிடுகிறது. உளவியலாளர்கள் டுவெர்ஸ்கியும் கானமனும் 1974-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றி வரும் எண்ணைக் காட்டிவிட்டு, ஐ.நா. சபை உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 வந்தவர்களின் மதிப்பீடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்தது 25 சதவீதம். 65 வந்தவர்களுக்கு 45. சம்பந்தமே இல்லாத சக்கரத்துக்கே இந்த இழுப்பு என்றால், சம்பளம் நிர்ணயிப்பவர் முதலில் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே பேச்சுத் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: என் கருத்து என்ன, அதற்கு முக்கியக் காரணம் எது, எனக்குத் தெரியாதது எது. மூன்றாவது வரிதான் கூட்டத்தில் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி. அங்கே போய்ப் புதிதாக எதையும் யோசிக்கத் தேவையில்லை. இருக்கைக்கு வந்த பிறகுதான் தோன்றுகிறது என்றால் அதையும் வெட்கமில்லாமல் முறையாக்கிக்கொள்ளலாம்: ‘இதைப் பற்றி மாலை 4 மணிக்குள் எழுதி அனுப்புகிறேன், அதுவரை முடிவைத் தள்ளி வைக்க முடியுமா?’ மெதுவாக யோசிப்பது குறை இல்லை, மௌனமாக இருந்துவிடுவதுதான் சிக்கல்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘அது தப்பு’ என்று தொடங்கினால் எதிரிலிருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். பிறகு விஷயம் பின்னால் போய்விடும். அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள், பிறகு ‘எத்தனையில் இத்தனை?’, ‘எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம்?’, ‘இது சரிவரவில்லை என்றால் எத்தனை நாளில் தெரியும்?’ இவற்றில் ஒன்றைக் கேளுங்கள். ஒன்றே ஒன்று. மூன்றையும் அடுக்கினால் குறுக்கு விசாரணை ஆகிவிடும்.

நீங்களே நடத்தும் கூட்டமாக இருந்தால் கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-ல் எழுதிப் பரவலான ஒரு முறையைச் செய்து பாருங்கள். திட்டம் முடிவாகி, வேலை தொடங்குவதற்கு முன், எல்லாரிடமும் சொல்லுங்கள்: ‘ஆறு மாதம் போய்விட்டது. இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது. ஏன் என்று எழுதுங்கள்.’ மூன்று நிமிடம் யாரும் பேசாமல் எழுத வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு காரணமாகச் சுற்றி வாசிக்க வேண்டும்; பதவியில் பெரியவர் கடைசியில். ‘தோற்குமா?’ என்று கேட்டால் யாரும் அபசகுனமாகப் பேச மாட்டார்கள், ‘தோற்றுவிட்டது, ஏன்?’ என்று கேட்டால் குறை சொல்வதே கொடுத்த வேலை ஆகிவிடுகிறது. இதுவும் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. எழுதாமல் நேரே பேசவிட்டால் முதல் குரலே ஜெயிக்கும். பணம் கட்டி முடித்த பிறகு செய்தால் வெறும் சடங்கு. வந்த காரணங்களில் இரண்டையாவது திட்டத்தில் திருத்தமாகச் சேர்க்காவிட்டால் அடுத்த முறை யாரும் மனதார எழுத மாட்டார்கள்.

வீட்டு விஷயம். உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். குதர்க்கத்தையும் ஆராய்ச்சியையும் பிரிக்க ஒரு சுலபமான அளவுகோல்: கேள்வி கேட்பதற்கு முன், ‘என்ன பதில் கிடைத்தால் நான் ஏற்றுக்கொள்வேன்?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை இருந்தால் அது ஆராய்ச்சி. எந்தப் பதில் வந்தாலும் அடுத்த கேள்வி தயாராக இருந்தால் அது குதர்க்கம்தான். எல்லாவற்றையும் சந்தேகிப்பவரும் எல்லாவற்றையும் நம்புபவரும் ஒரே வேலையைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள், தேடிப் பார்க்கும் வேலையை.

ஃபார்வர்டுகளைச் சோதிக்கும்போது அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது பலரும் செய்யும் தவறு. எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ ஒழுங்காக இருக்கிறதா, தமிழ் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. பொய்யையும் அழகாக அச்சிடலாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்று முனைவர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் இணையதளங்களை எடைபோட்டார்கள். முனைவர்களிலும் மாணவர்களிலும் பலர் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடியில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு டேபில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: செய்தியின் நடுவிலிருந்து தனித்துத் தெரியும் ஒரு வாக்கியத்தை எடுத்துத் தேடுங்கள், படம் இருந்தால் படத்தை வைத்துத் தேடுங்கள், முதலில் வெளியான தேதியைப் பாருங்கள். மூன்று நிமிட வேலை. உங்களுக்குப் பிடிக்காத செய்தியை மட்டும் சோதிக்காதீர்கள். நான்கு செய்தி சோதித்தால் அதில் குறைந்தது இரண்டு நீங்கள் மனதார நம்ப விரும்புபவையாக இருக்கட்டும்.

உடல்நலச் செய்திகளில் ‘ஆபத்து இரண்டு மடங்கு’ என்ற சொல்லைக் கண்டால் நின்றுவிடுங்கள். 1995-ல் பிரிட்டனில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்கட்டி ஆபத்து இரண்டு மடங்காகிறது என்ற எச்சரிக்கை வெளியானது. பொய் இல்லை. 7,000 பெண்களில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வருவதாகக் கூடியது. ‘இரண்டு மடங்கு’ என்று படித்த பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். விரும்பாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின. கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் கொடுமை. உங்கள் 40 புகாருக்குக் கேட்ட அதே கேள்விதான் இங்கேயும்: எத்தனையில்? மாமனாரிடம் இதைக் குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். தனியாக இருக்கும்போது, ‘மாமா, இது எங்கிருந்து வந்தது என்று சேர்ந்து தேடிப் பார்ப்போமா?’ என்று போனை அவர் கையிலேயே கொடுங்கள். தானே கண்டுபிடித்ததை யாரும் குதர்க்கம் என்பதில்லை.

பழக்கமாக மாற ஒரு நோட்டு வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முடிவுகள் போதும். ஒவ்வொன்றுக்கும்: தேதி, என்ன முடிவு, ஏன் (இரண்டு வரி), எவ்வளவு நிச்சயம் (சதவீதத்தில்), எது நடந்தால் நான் தப்பு, திரும்பிப் பார்க்கும் தேதி. எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டால் போதாதா என்றால், போதாது. முடிவு தெரிந்த பிறகு ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று ஞாபகம் தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும். பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975-லேயே இதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

சதவீதம் ஏன் என்றால், ‘அநேகமாகச் சரியாகிவிடும்’ என்று எழுதினால் நீங்கள் ஒருபோதும் தோற்க மாட்டீர்கள், கற்கவும் மாட்டீர்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு வந்துவிடும், 70 சதவீதம்’ என்று எழுதுங்கள். இருபது குறிப்பு சேர்ந்ததும் 70 போட்டவற்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். பத்துக்கு ஏழு பலித்திருந்தால் உங்கள் நிச்சயம் அளவாக இருக்கிறது. நான்குதான் பலித்திருந்தால் நீங்கள் 70 என்று சொல்வதை இனி 40 என்று வாசிக்க வேண்டும். மதிப்பெண் போட விரும்பினால், வானிலைக் கணிப்புகளை எடைபோட கிளென் பிரையர் 1950-ல் தந்த முறை இருக்கிறது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. அதற்கும் நீங்கள் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 0.7 சொல்லி நடந்தால் 0.09, நடக்காவிட்டால் 0.49. சராசரி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு 0.25 வரும்; அதைவிடக் கூடுதலாக வாங்கினால் உங்கள் நிச்சயம் உங்களுக்கு நஷ்டம்தான் தருகிறது. இந்த நோட்டு பாழாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: திரும்பிப் பார்க்கும் தேதியை போன் காலண்டரில் ஏற்றாமல் விடுவது.

எல்லா முடிவுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய சின்ன விஷயங்களில் யோசித்துக்கொண்டே இருப்பது வேறு வகை முட்டாள்தனம். பெட்டியைத் தூக்கியதும் ‘எடை சரியில்லையே’ என்று உங்கள் கை சொன்னால் கையை நம்புங்கள்; ஆயிரம் முறை தூக்கி, ஒவ்வொரு முறையும் உடனே விடை தெரிந்த விஷயம் அது. ஒருவரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘இவர் தேற மாட்டார்’ என்று தோன்றினால் அந்த உள்ளுணர்வுக்கு அப்படிப்பட்ட பயிற்சி எதுவும் கிடையாது. நீங்கள் நிராகரித்தவர் வேறு இடத்தில் எப்படி வேலை செய்தார் என்று உங்களுக்கு யாரும் வந்து சொல்வதில்லை. பின்வாங்க முடியாதது, மற்றவர் பிழைப்பைத் தொடுவது, படித்த உடனே கோபமோ குஷியோ பொங்க வைப்பது என்ற மூன்று வகையில் மட்டும் நின்று பாருங்கள். ஏஐ செயலியிடம் கேட்கலாமா என்றும் தோன்றும். கேளுங்கள், உங்கள் பதிலைத் தாளில் எழுதி முடித்த பிறகு. முன்னால் கேட்டால் அதுவும் முதலில் பேசிய மேலதிகாரிதான்.

34 வயது இதற்குத் தடை இல்லை, சொல்லப்போனால் உங்களைப் போலக் கிடங்கு அனுபவம் இல்லாத 20 வயதுக்காரருக்குத்தான் இது கடினம்.

மேலாளருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை அல்லவா? இப்படி எழுதிப் பாருங்கள்:

‘சென்ற மாத அறிக்கையில் புது ஆட்களின் பயிற்சிக் குறைவே காரணம் என்று எழுதியிருந்தேன். புகார்களை மட்டும் எண்ணியிருந்தேன். மொத்த ஆர்டரோடு ஒப்பிடவில்லை. ஒப்பிட்டதில் விகிதம் ஆயிரத்துக்கு 4, முந்தைய மாதமும் அதுவே. ஷிப்ட் வாரியாகப் பிரித்ததில் பகலில் 2, இரவில் 6. புதியவர், பழையவர் வித்தியாசம் தெரியவில்லை. பகல் எண்கள் சிறியவை என்பதால் மூன்று மாதக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரவு ஷிப்ட்தான் காரணம் என்று 75 சதவீதம் நினைக்கிறேன். ஒரு மாதம் ஆட்களை மாற்றிப் போட அனுமதி வேண்டும். மாற்றிய பிறகு புது ஆட்களின் புகார் பகலிலும் ஆயிரத்துக்கு 5-ஐ ஒட்டி வந்தால் என் கணிப்பு தப்பு.’

எண்களை உங்கள் பதிவேட்டிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் உண்மையான கணக்கில் ஷிப்ட் பற்றிய வரி பொய்த்துப்போய், புது ஆட்கள்தான் காரணம் என்றே வந்தால் பழைய அறிக்கையையே மறுபடி அனுப்பலாம், இந்த முறை நான்கு கட்டத்தையும் நிரப்பி.